தானாகப் போன பதில்

1. வெள்ளிக்கிழமை, வார்டு மேசையில் இருந்த ஃபேக்ஸ் மெஷினைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்தேன்.
2. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திருச்சி லேபிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஆஸ்பத்திரி மெயிலுக்கு வந்தது.
3. அதே நிமிடம் 'கிடைத்தது, நன்றி' என்று லேபுக்குப் பதில் போனது.
4. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் அந்த மெயிலைத் திறந்தேன். அதுவரை யாரும் திறக்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலைகள் என் பொறுப்பு. ஃபேக்ஸ் வந்தால் நர்ஸ் அந்தத் தாளிலேயே நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, லேபுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேரும்வரை லேப்காரர் விடாமல் போன் அடிப்பார். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ரிப்போர்ட்டுகளை மெயிலுக்கு மாற்றி, மெயில் வந்ததும் தானாகப் பதில் போகும்படி நான்தான் அமைத்தேன்.

மெஷினைத் தூக்கிய அன்று வார்டு சிஸ்டர் கேட்டார்: "இது கத்துனா ஓடி வருவேன். ஒங்க மெயில் கத்துமா?"

"ஆபீஸ் ரூம்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்துருவாங்க சிஸ்டர்."

"சரிங்க இன்ஜினியரம்மா. என் காதுக்கு இனிமே லீவு."

ஆபீஸ் ரூமைச் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். யோசிக்கவில்லை.

கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து வார்டில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட் அது. சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. டிரிப்ஸில் ஏறிக்கொண்டிருந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்காது, வேறு மருந்து வேண்டும் என்று அதில் இருந்தது. ஞாயிறு முழுக்க அவர் கணவர் கேட்டபடி இருந்திருக்கிறார். "இன்னும் வரலண்ணே" என்றே சிஸ்டர் சொல்லியிருக்கிறார். வந்திருந்தால் லேபிலிருந்து போன் வந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

ஏன் போன் செய்யவில்லை என்று லேப்காரரிடம் பிறகு கேட்டேன். "அதான் கிடைச்சுதுன்னு பதில் போட்டீங்களே மேடம். அப்புறம் எதுக்கு நான் போன் பண்ணணும்?"

திங்கட்கிழமை மெயிலைத் திறந்ததுமே பிரிண்ட் எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். பத்து நிமிடத்தில் மருந்தை மாற்றினார்கள். ஞாயிறு மதியமே அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. உயிர் தங்கியது. சிறுநீரகம் மறுபடி வேலை செய்யவில்லை. சனிக்கிழமையே மாற்றியிருந்தால் தப்பித்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தப்பிச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினேன். கோளாறு எதுவும் இல்லை. எல்லாம் நான் அமைத்தபடியே வேலை செய்தது.

மெஷின் மறுபடி வார்டு மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு வருகிறார். "அன்னைக்கி நீங்க ஓடியாந்ததாலதான் இவ பொழச்சா தங்கச்சி" என்று அவர் கணவர் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். தானாகப் போன பதிலைப் பற்றி நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.