கோப்பாய்க் கிணற்றில் கிடந்த கடல்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் யார் கிணற்றை ஆழமாக்கினாலும் கனகலிங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகச் சுண்ணாம்புக்கல்லோடு மல்லுக்கட்டியதில் அவருக்கு வலது காது மந்தம். அலவாங்குக் கம்பியால் கல்லில் நாலு தட்டுத் தட்டி, "இன்னும் மூண்டு முழம்" என்றால் அங்கே ஊற்று இருக்கும். அவரிடம் ஒரே ஒரு குறை: கண்டதை மறைக்கத் தெரியாது.

ஆவணியில் உதயகலாவின் கிணற்றில் இறங்கியபோது அதுவே வினையாயிற்று. தோட்டத்தில் வெங்காயம் முளைத்து நின்றது. கிணற்றில் ஒரு சாண் தண்ணீர்தான். இருபத்துநாலு அடியில் ஒரு கல் பாளமாகப் பிளந்தது. உள்ளே மணிக்கட்டுப் பருமனில், வில்லாக வளைந்து, பழுப்பாக ஏதோ கிடந்தது. பாளத்தைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்.

"பிள்ளை, கல்லுக்குள்ளை எலும்பு கிடக்கு."

இந்த மண்ணில் எலும்பு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது போரில் காணாமல் போனவர்கள்தான். உதயகலா ஓரடி பின்வாங்கினாள்.

"ஆரின்ரை எலும்பு அண்ணை?"

"விரிசலே இல்லாத கல்லு. உதுக்குள்ளை மனிசர் போகேலாது."

பயம் போனது, தீட்டுப் போகவில்லை. எலும்பு கிடந்த ஊற்றுத் தண்ணீரைச் சாமிக்கு எப்படி வைப்பது?

"வேண்டாம் அண்ணை. மூடுவம்."

"வெங்காயம்?"

"காயட்டும்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று கனகலிங்கம் தன்னையே நொந்துகொண்டார். என்ன எலும்பென்று தெரிந்தாலாவது ஏதும் நியாயம் சொல்லலாம். இருவருமோ பிறந்ததிலிருந்து மீன், மச்சம் தொடாதவர்கள்.

ஒழுங்கையில் ஹோர்ன் கேட்டது. குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் மீன் கொண்டுவரும் மரியநாயகி. அந்தச் சைவ வீட்டு வாசல் படலையில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. கனகலிங்கம் ஓடிப்போய் மறித்தார்.

"என்ன ஐயா, சைவத்தை விட்டிட்டியளோ?"

"பகிடியை விட்டிட்டு ஒரு எலும்பை வந்து பாரம்மா."

குனிந்து வளைவைத் தடவினாள். உடைந்த முனையைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆவுளியாவின்ரை விலா மாதிரிக் கிடக்கு. கடல்பசு, குட்டிக்குப் பால் குடுக்கிற சீவன். எலும்புக்குள்ளை துவாரமே இருக்காது, அவ்வளவு பாரம். அப்புவின்ரை வலையிலை ஒண்டு பட்டுக் கண்டிருக்கிறன். ஆனா இது அதுமில்லை, வேறை மாதிரி வளைஞ்சிருக்கு. கோப்பாய்க் கிணத்துக்குள்ளை என்னெண்டு வந்தது?"

உதயகலாவின் மகள் வித்தியா படமெடுத்துத் தன் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அனுப்பினாள். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. வாசித்தாள்:

"கடல்பசுவின்ரை பழைய உறவு போலயாம். இப்ப உலகத்திலை இல்லாத இனமாயிருக்கலாமாம். ஒரு கோடி வருசத்துக்கும் மேலையாம். அப்ப யாழ்ப்பாணம் முழுக்கக் கடலாம். கல்லைக் கவனமா வைக்கட்டாம், நாளைக்கு வாறாராம்."

கனகலிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்தார். சுவர் முழுக்கச் சிப்பியும் சங்கும். முப்பது வருடமாகக் கண்டும் காணாமல் உடைத்துத் தள்ளியவை. இப்போது அந்தக் குழி கடலின் அடித்தரையாகத் தெரிந்தது. கரன்ட் கம்பி ஓடும் உயரத்தில் தண்ணீர் ததும்ப, அதற்குள் கன்றை அணைத்தபடி பாரமான ஒரு தாய் மெல்ல மேய்ந்து போயிற்று.

"எத்தினையை உடைச்சிருப்பன்" என்றார்.

உதயகலாவின் பக்கம் திரும்பி, "பிள்ளை, உது தீட்டெண்டால் ஊரிலை தண்ணியே இல்லை. இந்தக் கல்லே செத்த சீவன்தான். உதுக்குள்ளாலை வடிஞ்சதைத்தானே பிறந்ததிலை இருந்து குடிக்கிறம்" என்றார்.

உதயகலா குனிந்து அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இறங்குங்கோ அண்ணை" என்றாள்.

அவர் கல்லுடைக்கும் மெஷினைத் தொடவில்லை. எலும்பு கிடந்த பக்கத்தை விட்டு, மறுபக்கத்தில் உளியால், பார்த்துப் பார்த்துக் கொத்தினார். அடுத்த நாள் காலை ஊற்றுக் கண் திறந்தது. முதல் வாளியைச் சாமிக்கு எடுத்து வைத்த உதயகலா, ஒரு செம்பை அந்தக் கல்லின் மேலும் வார்த்தாள்.

ஒழுங்கையில் மரியநாயகியின் ஹோர்ன் கேட்டது. இம்முறை அவளாகவே படலையில் நின்றாள். உதயகலா செம்பை நீட்டினாள். மரியநாயகி ஒரு வாய் குடித்துவிட்டுக் கல்லைப் பார்த்தாள்.

"மெய்யே அக்கா, இவ்வளவு கடலுக்குள்ளாலை வந்தும் உப்பே இல்லை."