கொலம்பசுக்கு முந்திய சுரைக்காய்

டிரம்மிலிருந்து சுரைக்காயை வெளியே எடுத்த அன்று நானும் சித்தப்பாவும் அம்மாவும் இருந்தோம். அப்பா இல்லை, பெங்களூரில் கட்டிட சென்ட்ரிங் வேலையில் இருந்தார். இதையெல்லாம் தொடங்கி வைத்த சமூக அறிவியல் வாத்தியாரும் இல்லை. அவருக்கு அன்று கள்ளக்குறிச்சியில் ஏதோ பயிற்சி வகுப்பு.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் அந்த வகுப்பு வரைக்கும் வந்த முதல் ஆள் நான் என்பதால் என் புத்தகத்தில் இருப்பதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை, சித்தப்பாவைத் தவிர.

வாத்தியார் ஒருநாள் சொன்னார்: கொலம்பஸ் போவதற்குப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அமெரிக்காவில் சுரைக்காய் இருந்திருக்கிறது. ஆனால் அது ஆப்பிரிக்காவில் பிறந்த கொடி. அப்படியானால் கடல் தாண்டிப் போனது எப்படி? ஆட்கள் படகில் கொண்டுபோனார்களா, தானே மிதந்து போனதா? மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு இதையே செய்யேன் என்றார். எனக்கு அன்றே முடிவாகிவிட்டது. ஆட்கள்தான். பெயர் தெரியாத யாரோ கொலம்பசை முந்திக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டில் வந்து சொன்னபோது சித்தப்பா கரும்பு வெட்டிவிட்டு வந்து காலில் அப்பியிருந்த சோகைத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, மனுசன் இன்னாத்துக்குடா சுரக்காயத் தூக்கிக்கினு கடல்ல போவான்? கொழம்பு வெக்கவா?"

"தண்ணி மொண்டு வெச்சிக்க சித்தப்பா. குடுவ மாதிரி."

"அட, பரவால்லியே. ஆனா நா சுரக்குடுக்கய முதுவுல கட்டிக்கினுதான் கெணத்துல நீச்சல் கத்துக்கினேன். அத முழுவ வெக்க யாராலயும் முடியாது. அதுபாட்டுக்கு மிதந்துகினு போயிருக்கும்."

மிதக்கும் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் அத்தனை நாள் உப்புத் தண்ணீரில் கிடந்த பிறகு உள்ளே விதை உயிரோடு இருக்குமா? இருக்காது என்பது என் கட்சி. இருக்கும் என்பது அவர் கட்சி. அம்மா விதைக்காக விட்டுவைத்து முற்றிக் காய்ந்திருந்த சுரைக்காய் ஒன்றை எடுத்தோம். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பினோம். உப்பு எவ்வளவு போடுவது என்பதில்தான் வேலை நின்றது. சித்தப்பாவும் சரி நானும் சரி, கடலைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் கடல் தண்ணீர் வாயில் பட்ட ஒரே ஆள் அம்மா. கல்யாணத்துக்கு முன்பு ஒரு மாசி மகத்துக்குக் கடலூர் போய் முழுக்குப் போட்டவர். கல்லுப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க, அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் பத்தல" என்றார். நாலு கிலோ ஆனதும் முகத்தைச் சுளித்து, "ம், இதான் கடலு" என்றார்.

ஆவணியில் போட்ட காயைக் கார்த்திகையில் எடுத்தோம். டிரம்மைக் கவிழ்த்த இடத்தில் அம்மாவின் கனகாம்பரம் இருந்தது. அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகாது என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை. நாலே நாளில் அத்தனையும் கருகியது. "கடல் ஊட்டுக்குள்ள வந்தா இப்பிடித்தான்" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

காயை உடைத்துப் பத்து விதைகளை எடுத்துப் பத்துக் கொட்டாங்குச்சியில் ஊன்றினேன். சார்ட் ஏற்கெனவே எழுதி முடித்தாகிவிட்டது. படகு, துடுப்பு, படகு நிறைய சுரைக்குடுக்கை, அமெரிக்காவை நோக்கிச் சிவப்பு அம்புக்குறி. கீழே, 'உப்பு நீரில் விதை சாகும். எனவே கொண்டு சென்றவர்கள் மனிதர்களே.' கண்காட்சிக்கு அப்பா பெங்களூரிலிருந்து வருவதாகப் போன் செய்திருந்தார். இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்.

கண்காட்சிக்கு முதல் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். ஐந்து கொட்டாங்குச்சியில் முளை, ஒவ்வொன்றிலும் இரண்டு தடித்த இலை. நாலில் ஒன்றுமில்லை. பத்தாவதைக் காணோம், எலி உருட்டிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். வேறு சார்ட் எழுத நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஐந்தையும் பிடுங்கி மாட்டின் முன்னால் போட்டேன். அது ஒரே வாயில் தின்றுவிட்டது.

மறுநாள் சித்தப்பா டிவிஎஸ் வண்டியில் என்னையும் சார்ட்டையும் கொட்டாங்குச்சிகளையும் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார். அப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வந்தார், தோளில் பையோடு. நடுவராக வந்த கல்லூரி மேடம் கொட்டாங்குச்சிகளைக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுகூட முளைக்கலையா தம்பி?"

"இல்லைங்க மேடம். ஒண்ணுகூட முளைக்கல."

"சரி. உப்பாலதான் முளைக்கலன்னு எப்படிச் சொல்ற? விதையே சொத்தையா இருந்திருந்தா?"

நான் சார்ட்டின் சுருண்ட ஓரத்தை இழுத்து நேராக்கினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

"எங்க வூட்டு வித சொத்த ஆவாதுங்க மேடம். நல்ல தண்ணியில போட்டா பத்துக்குப் பத்து மொளைக்கும்ங்க."

மேடம் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. அப்பா சான்றிதழைச் செல்போனில் படம் பிடித்து, பெங்களூரில் உடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் அங்கேயே நின்று அனுப்பினார். சித்தப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவரை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபடி அதைக் குடித்தேன்.

மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் சுரைக்காய்க் குழம்பு. மோட்டார் கொட்டகைக் கூரையில் ஏறியிருந்த புதுக் கொடியின் முதல் காய் என்றார் அம்மா. சித்தப்பா என் தட்டில் நாலு துண்டு எடுத்து வைத்தார்.

"துன்னுடா. கடல் தாண்டி வந்த காயி."

காணாமல் போன பத்தாவது கொட்டாங்குச்சி எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் முதலில் முளைவிட்டதை அவர் எனக்கும் முன்னால் பார்த்து, எடுத்துப் போய் நட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் மேடம் முன்னால் அப்படிப் பேசியிருக்கிறார். கேலி செய்கிறார் என்று நினைத்துத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் என் பங்கையும் சேர்த்துத் தின்றார்.

கல்லூரி நூலகத்தில்தான் மீதியைப் படித்தேன். சுரைக்காய் பெரும்பாலும் தானே மிதந்துதான் போயிருக்கும் என்கிறார்கள். ஆனால் கொலம்பசுக்கு முன்பே ஆட்கள் போனதும் உண்மைதான். வடக்கே கனடாக் கரையில், ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து வந்த கடலோடிகள் கட்டிய வீட்டின் தடமும் இரும்பு ஆணியும் கிடைத்திருக்கின்றன. பசிபிக் தீவுக்காரர்கள் தென் அமெரிக்கா வரை போய்வந்ததற்கு, அங்கே பிறந்து கொலம்பசுக்கு முன்பே இவர்கள் தீவுகளில் விளைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாட்சியாகச் சொல்கிறார்கள். அது எங்கள் அடுப்படியிலேயே கூடையில் கிடந்தது. கொலம்பசை யாரோ முந்திவிட்டார்கள் என்று நான் சொன்னது நிஜம். அதற்கு நான் காட்டியதுதான் பொய். சித்தப்பா சொன்னதும் நிஜம். இரண்டும் ஒரே நேரத்தில் நிஜமாக இருக்கலாம் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. மேடம் முன்னால் அவர் தன் கட்சியை விட்டுக்கொடுத்தது எதற்காக என்பதும் தெரியவில்லை.

அந்தக் கொடியின் வழி விதையைத்தான் அம்மா இன்னும் போடுகிறார். அந்தக் கண்காட்சிக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு நாலு கிலோ கல்லுப்பு, அம்மாவின் கனகாம்பரம், அப்பாவின் இரண்டு நாள் சம்பளம், ஐந்து முளை.