பூரணத்தின் இடது காது

“படிச்ச பொம்பளை நமக்காக வாயத் தொறப்பாளாக்கும்! அவ சர்க்கார் சம்பளக்காரி, ஏளா. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

செல்லக்கனி அக்கா என் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று இப்படிச் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்தா இந்தச் சந்தேகம்?

அவள் சந்தேகம் சரிதான். நான் பொய் சொன்னேன். ஊர் கூடி நின்று கேட்டபோது, உண்மை தெரிந்தே, நிமிர்ந்து நின்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் பூரணம் என்ற ஒரு பெண் நடத்தை கெட்டவள் என்ற பெயரோடு ஊரைவிட்டுப் போனாள்.

இதைப் படிக்கும் நீங்கள் உச்சுக் கொட்ட வேண்டாம். ‘பாவம், சின்னப் பெண், பயந்திருப்பாள்’ என்று எனக்காக வாதாடவும் வேண்டாம். உங்கள் இரக்கம் எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. முழுவதையும் கேட்டுவிட்டு என்னை வெறுங்கள். கூடவே உங்களையும் கொஞ்சம் வெறுத்துக்கொள்ளுங்கள்... அதற்கும் இதில் இடம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா உடன்குடியில் கருப்பட்டிக் கடையில் சிப்பம் கட்டுகிறவர். பதினொன்றாம் வகுப்பு முடித்து, நர்ஸ் பயிற்சியும் முடித்து, வெள்ளைச் சேலையோடு நான் பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று அவர் கடைத்தெருவில் என்னோடு நடக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும் என்று நாலு அடி பின்னால் வந்தார். அந்தச் செருக்கு என்னிடமும் இருந்தது. இன்னும் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

வேலை கிடைத்தது, அங்கிருந்து சில மைல் தள்ளி ஒரு செம்மண் தேரிக்காட்டு ஊரில். ஆண்கள் பனை ஏறுவார்கள். பெண்கள் விடிலியில், அதாவது பனங்காட்டுக்குள் போட்ட ஓலைக் குடிசையில், பதநீர் காய்ச்சுவார்கள். சிலர் மட்டும் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போவார்கள். பூரணத்தின் கணவன் தங்கராசு அப்படிப் போனவன். சனிக்கிழமை வருவான். திங்கட்கிழமை போவான்.

அது அவசர நிலைக் காலம். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் கொண்டுவரச் சொல்லி எங்களை விரட்டிய காலம். ஆள் என்றுகூடச் சொல்ல மாட்டோம், ‘கேஸ்’ என்போம். தங்கராசு நான் பிடித்த கேஸ். மூன்று பிள்ளைகள் போதும் என்று நானே பேசிச் சம்மதிக்க வைத்தேன். தை மாதம் முகாமில் அவனுக்கு ஆபரேசன் நடந்தது. முகாமில் இனாமாகக் கொடுத்த ஒரு வாளியோடு ஜீப்பில் ஊர் திரும்பினான்.

அந்த ஜீப் கிளம்பும் முன் நான் அவனிடம் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ஆண்களுக்குச் செய்யும் அந்த ஆபரேசன் உடனே பலிக்காது. முன்பே உடம்பில் தங்கிய வித்து போய்த் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை உறை போட்டுக்கொள்ள வேண்டும். உறைகள் என் பையிலேயே இருந்தன!

நான் சொல்லவில்லை.

ஏன் தெரியுமா? வேலைக்கு வந்த புதிதில், டீக்கடை முன்னால் இதே பாடத்தை ஆண்களிடம் சொல்லிப் பார்த்தேன். பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி, கூசாமல் சொன்னேன். ஒருவன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “கொமருப் புள்ள பேசுத பேச்சப் பாருலே! ஏலே, இவளுக்கு மொதல்ல ஒரு மாப்பிள்ளை பாருங்கலே, பாடம் எடுக்க தோதா இருக்கும்!” கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு உங்களுக்குப் புதிதா என்ன? உங்கள் வீட்டு ஆண்களும் எங்காவது ஒரு கடை முன்னால் அப்படிச் சிரித்தவர்கள்தாம். அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன். முகாமில் அதைச் சொல்ல வேண்டிய ஆண் ஊழியர் சாப்பிடப் போயிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது.

சித்திரையில் பூரணம் என்னிடம் வந்தாள். நாள் தள்ளிப்போயிருந்தது. சோதித்துப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. தை முகாமிலிருந்து கணக்குப் போட்டேன்: கரு தங்கியது அந்த மூன்று மாதத்துக்குள். அவள் மட்டும் குழம்பிப்போய்க் கேட்டாள்: “அவுகதான் ஆபரேசன் பண்ணியாச்சே நர்சம்மா... இது எப்படி?” பார்க்கலாம், அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரத்துக்குள் தங்கராசு வந்துவிட்டான். அவள் உண்டாகியிருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

செல்லக்கனி அக்காவும் இன்னும் சில பெண்களும் பூரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது காதிலிருந்து இரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. அறைந்த கை மூட்டை தூக்குகிற கை. சுத்தம் செய்தேன், பஞ்சு வைத்தேன், கன்னத்துக் காயத்துக்கு ஊதா மருந்து தடவினேன். வேலையில் நான் கெட்டிக்காரி!

அவர்கள் என்னிடம் கேட்டது மருந்து மட்டும் அல்ல. பூரணம் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் செல்லக்கனி அக்கா வாசலில் நின்று அந்தப் பேச்சைப் பேசினாள்.

என்னை நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை. பூரணத்தைச் செல்லக்கனியின் விடிலியில் வைத்துக்கொண்டார்கள். தங்கராசுவின் அண்ணன் நிறையப் பனை மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். அந்த மரத்துப் பதநீரை இனி எவளும் காய்ச்ச மாட்டாள் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். தம்பி கோயில் முன்னால் வந்து, இனி கை நீட்ட மாட்டேன் என்று சொல்லி அவளை வீட்டில் ஏற்ற வேண்டும். அதுவரை அடுப்பு எரியாது!

பதநீர் காத்திருக்காது. சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் ஒரு பொழுதுதான் தாங்கும். பிறகு நுரைத்துப் புளித்துவிடும். அண்ணன்காரர், ஊருக்கே அண்ணாச்சி, விடிலிக்கு விடிலி அலைந்தார். “அண்ணாச்சி, நீங்களே துடுப்பைப் பிடிச்சுக் கிண்டுங்க. கை வெந்தா நர்சம்மாட்ட ஊதா மருந்து இருக்கு,” என்றாள் ஒருத்தி. பானை பானையாகப் பதநீரைத் தேரி மணலில் கொட்டினார்கள். அந்த மணல் எதையும் குடித்துவிடும். ஈக்கள் மட்டும் மொய்த்தன.

கர்ப்பம் எப்படி வந்தது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பூரணத்தை. அது போதும் என்று நின்றார்கள். எனக்கு இரண்டும் தெரியும்...

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. “வாயைத் திறக்காதே. ஆபரேசன் பலிக்கவில்லை என்று ஓர் ஊரில் பேச்சு கிளம்பினால் பத்து ஊரில் ஆள் வராது. அவனுக்கு ஆலோசனை சொல்லாதது யார் என்று மேலே கேட்பார்கள். நான் உன்னைத்தான் காட்டுவேன்.” அவர்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. அவர் என் வாயைத் தைக்கவில்லை. வழி முழுவதும் பஸ்ஸில் நானேதான் தைத்துக்கொண்டு வந்தேன்.

ஆண்கள் கோயில் முன்னால் கூடி என்னை அழைத்தார்கள். பெண்கள் ஒரு புறமாக நின்றார்கள். பூரணம் அவர்கள் நடுவில், காதில் நான் வைத்த பஞ்சோடு.

அண்ணாச்சி கேட்டார்: “நர்சம்மா, நீங்க படிச்சவுக. ஒரே ஒரு சங்கதிதான். ஆபரேசன் பண்ணுனவனுக்குப் புள்ள உண்டாகுமா, ஆகாதா?”

“ஆகாது,” என்றேன். “முறையாகச் செய்த ஆபரேசன் தப்பாது.”

புத்தகத் தமிழில் சொன்னேன். பொய்க்குக் கௌரவம் கொடுக்க அதுதான் வசதி.

பூரணம் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். தங்கராசு தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினான்: “கேட்டீங்களால! நர்சம்மாவே சொல்லிட்டா! இனி எவளாவது அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாங்களா பாப்போம்!”

சில நாட்களில் விடிலிகளில் ஒவ்வொன்றாகப் புகை எழுந்தது. பெண்களை அவரவர் புருசன்மார் அதட்டி அனுப்பியிருந்தார்கள். படித்தவளே சொன்ன பிறகு அவர்கள் எதைச் சொல்லி எதிர்த்து நிற்பார்கள்? அந்த அடுப்புகளை ஆண்களின் அதிகாரம் பற்றவைக்கவில்லை. என் ஒரு சொல் பற்றவைத்தது! செல்லக்கனியின் அடுப்பு மட்டும் வெகு நாள் எரியவில்லை. அவள்தான் பூரணத்தை ஏரலில் இருக்கும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பெரிய பிள்ளைகள் மூவரையும் தங்கராசு கொடுக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்குக் கீழவைப்பார்ப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. ஆட்சி மாறியது. முகாம் விரட்டல் நின்றது. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்ற சாக்கும் செத்தது. அப்போதாவது சொன்னேனா? இல்லை! கடற்கரைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தேன். கணவனிடம் அடிபட்டு வந்தவர்களுக்குத் தையல் போட்டேன். “இப்படி அடிக்கிறானே, நீ ஏன் வெளியே சொல்லக் கூடாது?” என்று அவர்களையே கடிந்துகொண்டேன். நான்! அவர்களைப் பார்த்து!

இப்படியே ஏறக்குறைய இரண்டு வருடம் போனது. போன மாதம் தங்கராசு வந்தான்.

கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். பூரணம் தனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். குழந்தை தன்னுடையது இல்லை என்று இவன் மறுத்திருக்கிறான்.

“அன்னைக்கு ஊர் முன்னால சொன்னத கோர்ட்டுல அப்படியே ஒரு தடவ சொல்லிட்டாப் போதும் நர்சம்மா. ஒங்க சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டும்லா?”

அவன் கண்ணில் வஞ்சகம் இல்லை. அதுதான் கொடுமை. நான் சொன்னதை அவன் உண்மையாகவே நம்பியிருக்கிறான்! அடித்த கை அவனுடையது. அதை நான் கழுவிவிட மாட்டேன். ஆனால், அந்தக் கைக்கு நியாயம் கொடுத்தது யார்?

“கருப்பட்டியை எடுத்துக்கொண்டு போ,” என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் துணிவில்லை.

மறுநாள் ஏரலுக்குப் போனேன். பூரணம் அண்ணன் வீட்டுப் புழக்கடையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் குழந்தை. தங்கராசுவின் அதே அகன்ற நெற்றி. இதைப் பார்க்கக் கோர்ட்டா வேண்டும்? நான் அருகில் போய் நின்று சொல்லத் தொடங்கினேன். ஆபரேசன், மூன்று மாதம், நான் சொல்லாமல் விட்டது, டாக்டர், கோயில் முன்னால் சொன்ன பொய்... பஸ்ஸில் மனப்பாடம் செய்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அழுகையும் வந்தது.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

“யாரு, நர்சம்மாவா? எப்ப வந்தீங்க? அந்தப் பக்கத்துக் காது அவிஞ்சு போச்சு. என்ன சொன்னாலும் இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் சொன்னேன். இரண்டாம் முறை அழுகை வரவில்லை. அலங்காரமும் வரவில்லை. உடைந்த உடைந்த வாக்கியமாக வந்தது.

அவள் அவிந்த நெல்லை ஒரு முறை கிளறிவிட்டாள். பிறகு கேட்டாள்: “அன்னைக்கே இது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நானே எம்மேல சந்தேகப்பட்டேன் பாத்துக்கிடுங்க. தூக்கத்துல எவனும் வந்துட்டானோன்னு... பேய் பிசாசோன்னு... குறி கேக்கக்கூடப் போனேன்.” குரல் உயரவே இல்லை. “எம்புள்ளைக மூணும் என்னை என்ன சொல்லுதுவ தெரியுமா? அத நீங்க கேக்காண்டாம்.”

நான் அவள் கையைத் தொடப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“கோர்ட்டுல வந்து சொல்லுங்க. எனக்கு அது வேணும். ஆனா அத சொல்லிட்டா சரியாப் போச்சுன்னு மட்டும் நெனைக்காதிய. அதுக்கப்புறம் இந்த வாசல் பக்கம் வராதிய.”

சரி என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கொடுக்க வேண்டிய பாரத்தையும் அவள் தலையிலேயே அல்லவா ஏற்றியிருப்பேன்?

அப்பாவிடம் சொன்னேன். ‘வேலை போயிரும்ளா’ என்றார். பிறகு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

நேற்றுத் தூத்துக்குடியில் பூரணத்தின் வக்கீலைப் பார்த்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, நடந்தே துறைமுகத்துக்குப் போனேன். மூட்டை இறக்கும் இடத்தில் அத்தனை ஆண்களுக்கும் நடுவில் தங்கராசுவைக் கூப்பிட்டேன். மூன்று மாதக் கணக்கை, உறையை, என் பொய்யை, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.