பஹ்மிதா பிடித்த விரல்

விரல் நுனியின் நடுவில் குத்தமாட்டாள். நகத்துக்குப் பக்கமாக, ஓரத்தில்தான். "நடுவுல குத்தினா சோறு பிசையக்குள்ள நோகும்" என்பாள். துளி இரத்தத்தைச் சீனி வியாதி பார்க்கும் சின்னப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பஞ்சை அழுத்தி, அந்த விரலைப் பிடித்துக்கொள்வாள். பெட்டி எண்ணைக் காட்டும்வரை விடமாட்டாள்.

பஹ்மிதா என் தங்கை. சாய்ந்தமருதில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் ஏழு வருடமாக வேலை செய்கிறாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் குத்தி யாரும் 'ஆ' என்றதை நான் கேட்டதில்லை. ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள். வீட்டில் பிளேன்டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள். பெட்டி வேலை செய்யும் நேரம் மட்டும் கால் நிற்கும். கடிகாரம் பார்த்திருக்கிறேன்: ஐந்து நிமிடம், சிலவேளை பத்து விநாடி கூடுதலாக.

முன்பு இரத்தம் வெளியே ஆய்வுகூடத்துக்குப் போகும். முடிவு மறுநாள் வரும்; ஆள் வரமாட்டார். பாண்டிருப்பு செல்லத்தங்கம் அக்காவின் தாள் இரண்டு மாதம் மேசை லாச்சியில் கிடந்தது. அவர் வந்தபோது காலில் இரண்டு விரல் இல்லை. அதிலிருந்துதான் இந்தப் பிடி.

சென்ற திங்கள் நான் அங்கே பெஞ்சில் இருக்கும்போது கரைவலைக்காரர் முனாப் வந்தார்; பஹ்மிதாவுக்கு அவர் 'காக்கா', அண்ணன் முறை. கால் பெருவிரல் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. மனைவி நதீரா இழுத்து வந்திருந்தார்.

"கைய விடு தங்கச்சி, சனம் பாக்குது."

"கையுறை போட்டுத்தானே காக்கா பிடிச்சிரிக்கன்."

"வலை இழுக்கப் போகணும்."

"அஞ்சு நிமிசத்தில கடல் வத்தாது."

"உட்றாதீங்க புள்ள," என்றார் நதீரா. "போன முறை சைக்கிள்ல பறந்த மனிசன்."

"நான் ரெண்டு நாளா சீனி தொடல்ல. கொறஞ்சிரிக்கும் பாரு."

"இது மூணு மாசத்தயும் சேத்துச் சொல்லும் காக்கா. பெருநாளும் அதுக்குள்ளதான் இரிக்கி."

பெட்டி கீச்சிட்டது. 11.4.

முனாப் துள்ளி எழுந்தார். "பதினொண்டா! அல்ஹம்துலில்லாஹ்! ஆசுபத்திரியில பாக்கக்குள்ள இருநூத்திப் பத்து! நதீரா, எழும்பு, போவம்!"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பஹ்மிதா சிரிக்கவில்லை.

"அது அண்டைக்கு இருந்த சீனி காக்கா. இது வேற கணக்கு. இதில ஏழுக்குள்ள இரிக்கணும். புண் ஆறாம இரிக்கிறதும் இதாலதான். டொக்டர் இண்டைக்கே பாக்கணும்."

முனாப் குனிந்து புண்ணைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். உள்ளே டொக்டரின் மணி அடித்தது.

இரத்தம் எப்போதோ நின்றிருந்தது. பஹ்மிதா விரலை விடவில்லை. எந்நேரமும் ஓடித் திரிகிறவள், அவர் நொண்டும் அளவுக்கே காலடி வைத்து, டொக்டரின் அறைவரை நடந்தாள்.