இமெல்டா ரீச்சர் சேர்த்த வரி

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் கனடாவின் மொன்றியல் முழுக்க அரசியலமைப்புத்தான் கதை. நாட்டின் அரசியலமைப்பைத் திருத்துவதற்கான மீச் ஏரி உடன்பாடு அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் மாகாணமான கியூபெக்கைத் தனித்துவமான சமூகம் என்று எழுதலாமா, மாகாணங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று தொலைக்காட்சியில் இரண்டு மொழியிலும் ஓயாத வாதம். ஜூலை முடிவில் இலங்கை–இந்திய ஒப்பந்தமும் வந்து சேர்ந்தது. அதிலும் மாகாண சபை, அதிகாரப் பகிர்வு. தமிழர்கள் மெற்றோவில் சந்தித்தாலும் அதைத்தான் கதைத்தார்கள்.

அந்தக் கோடையில்தான் எங்கள் கிழக்கிலங்கைத் தமிழர் ஒன்றியமும் தனக்கென ஒரு யாப்பு, அதாவது அமைப்புச் சட்டம், எழுதத் தொடங்கியது. எழுதும் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருவர் இமெல்டா. திருகோணமலையில் கன்னியர் மடப் பள்ளியில் குடியியல் படிப்பித்தவர், இங்கே உடுப்புத் தொழிற்சாலையில் கொலர் தைத்தார். மற்றவர் ஜம்புநாதன், தமிழ்நாட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பேராசிரியர். நாங்கள் கேட்டுக்கொண்டதற்காக உதவ வந்தார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதனால் சனிக்கிழமை பின்னேரங்களில் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த ரீச்சரின் வீட்டில் நானும் இருப்பேன். ஜம்புநாதன் சேரின் மனைவி கிரிஜா கொடுத்துவிடும் முறுக்கு மேசை நடுவில் இருக்கும். இரண்டு பேரும் அதைத் தொடாமல் சண்டை பிடிப்பார்கள். நான்தான் தின்பேன்.

உறுப்பினருக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள உரிமைகளை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும் என்பது ரீச்சரின் பிடிவாதம். அதற்குக் காரணம் இருந்தது. இலங்கையின் பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக ஒரு பிரிவு இருந்தது. எழுபத்திரண்டில் வந்த புதியதில் அது இல்லை. அந்தப் புதியதை வகுப்பில் நின்று படிப்பித்தவர் அவர். கனடாவுக்கு வந்த பிறகோ, இந்த நாட்டு உரிமைச் சாசனத்தில் இருக்கும் 'ஒவ்வொருவரும்' என்ற ஒரு சொல் அகதிக்கும் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் தீர்த்ததால்தான், அவருடைய அகதி வழக்கை நேரில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"எழுதாத உரிமை களவு போயிடும், சேர்," என்பார்.

"எழுதினதும்தான் போச்சே, ரீச்சர்!"

"போனதுதான். எழுதியிருந்தபடியாத்தான் போனதெண்டாவது தெரிஞ்சுது."

ஜம்புநாதன் சிரிப்பார். பிறகு பொறுமையாகச் சொல்வார்: "நீங்க எவ்வளவு நீளமா எழுதினாலும் ஒண்ணு விட்டுப்போகும். நாளைக்கு ஒருத்தர் வந்து, இதுல இல்லை, அதனால உனக்கு இல்லைன்னு சொல்லுவார். அமெரிக்காவுல இந்தப் பயம் வந்துதான், எழுதாத உரிமையும் மக்களுக்கு உண்டுன்னு ஒரு வரி சேர்த்தாங்க. இங்கே சாசனத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு வரி போதும்."

ரீச்சர் அசையவில்லை; அந்த வரி யாப்பில் சேரவில்லை. ஆனால் அதிகாரம் பற்றிய பேச்சில் இருவரும் உடனே ஒத்துப்போனார்கள். ஒன்றியத்துக்கு நகரின் மூன்று பகுதிகளில் மூன்று வட்டங்கள்: நோத்ர-டாம்-த-கிரேஸ், ரொக்ஸ்பரோ, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். யாப்பில் சொல்லாத காரியங்கள் யாருக்கு? கனடாவில் அப்படி மிஞ்சும் அதிகாரம் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசுக்கு, அமெரிக்காவில் மாநிலங்களுக்கு என்று சேர் விளக்கினார். "வட்டங்களுக்கே இருக்கட்டும்," என்றார் ரீச்சர். "மிச்சத்தையெல்லாம் கொழும்புக்குக் குடுத்துத்தான் இஞ்ச வந்து நிக்கிறம்."

நவம்பரில், முதல் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்ட்டியர்வில்லில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பொதுக்கூட்டம். தலைவர் கனகசிங்கம் நேர்மையான மனிதர். புதிய யாப்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க, அன்றைய கூட்டத்தையே அதன்படி நடத்துவோம் என்றார்.

தமிழ் வகுப்பை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது அல்போன்சம்மா கை உயர்த்தினார். மட்டக்களப்புக்காரி. புருஷன் ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. ஆனால் உறுப்பினர் என்று பதிந்திருந்தது அவன் பெயர்தான்.

கனகசிங்கம் தாளைப் பார்த்தார். "தங்கச்சி, குடும்பத்தார் விழாவுக்கு வரலாம், புத்தகம் எடுக்கலாம், பிள்ளையளை வகுப்புக்கு அனுப்பலாமெண்டு இருக்கு. கூட்டத்தில கதைக்கலாமெண்டு இல்லையே."

அல்போன்சம்மா கூட வந்த மகளுக்குக் குளிர்ச்சட்டையை மாட்டத் தொடங்கினார்.

இமெல்டா ரீச்சர் எழுந்தார். "தலைவர், அது நான் எழுதினது. அவவின்ர வாயை மூட எழுதேல்லை."

"இருக்கிறதைத்தானே வாசிச்சனான், ரீச்சர்?"

"ஓம். பிழை உங்களில இல்லை." பின்வரிசைப் பக்கம் திரும்பினார். "சேர், நீங்கள் சொன்ன அந்த வரியைச் சொல்லுங்கோ."

"நீங்களே உங்க தமிழ்ல சொல்லுங்க," என்றார் ஜம்புநாதன். அவர் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை.

ரீச்சர் நின்றபடியே சொல்ல, நான் எழுதினேன்: 'இங்கே எழுதிய உரிமைகளைக் காட்டி, எழுதாத உரிமை எதுவும் இல்லையென்று ஒருவருக்கும் சொல்லக் கூடாது.'

ரொக்ஸ்பரோ வட்டத்து அம்புறோஸ் கேட்டார்: "அப்ப ஆரும் வந்து எதையும் உரிமையெண்டு கேக்கலாமோ?"

"கேக்கலாம். குடுக்கிறதோ இல்லையோ, இருந்து கதைச்சு முடிவெடுப்பம். கேக்கவே ஏலாதெண்டு மட்டும் சொல்ல வேண்டாம்."

எல்லாரும் கை உயர்த்தவில்லை. அம்புறோஸ் கடைசிவரை எதிர்த்தார். ஆனாலும் வரி நிறைவேறியது. மகளின் சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு அல்போன்சம்மா கதைத்தார். ஞாயிறு காலை தனக்கு வேலை, பனியில் இரண்டு பஸ் மாறிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது, இந்தப் பக்கத்திலும் ஒரு வகுப்பு வேண்டும் என்றார். வகுப்பை எங்கே வைப்பதென்று யாப்பில் ஒன்றும் இல்லாததால் அது வட்டத்தின் அதிகாரம். அடுத்த மாதமே அவர் வீட்டு விறாந்தையறையில் வகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டு படித்தார்கள்.

பிற்காலத்தில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ரொறன்ரோவுக்குப் போக, ஒன்றியம் மெல்லக் கரைந்தது. ரீச்சர் போகவில்லை. தையலை விட்டு ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்த்தார்.

எனக்கு அதிகம் நினைவில் நிற்பது தொண்ணூறு ஜூனில் ஒரு மாலை. மீச் உடன்பாடு தோற்றுப்போன செய்தியை ரீச்சர் வீட்டில் மூன்று பேருமாகப் பார்த்தோம். இலங்கை–இந்திய ஒப்பந்தத்தால் வந்த வடகிழக்கு மாகாண சபையும் அந்த ஆண்டுதான் குலைந்தது. ஜம்புநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ரீச்சர் ஒரு தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திரும்பவும் எழுதுவினம், சேர். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."