பூஜ்யம் காட்டிய காலைகள்

காற்று வீசாத காலைகளை நான் அழித்தேன். தெரிந்தே அழித்தேன். கருவி பழுது என்று காரணம் எழுதிவிட்டு அழித்தேன்.

உங்களிடம் இதைச் சொல்வதால் மனம் லேசாகும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமலிருப்பது வாயில் ஊறிய புளித்த எச்சில் போல இருக்கிறது... விழுங்க முடியவில்லை. ஆகவே துப்புகிறேன்.

விமானங்கள் கக்கும் புகை எங்கே போகும், எங்கே தங்கும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பது என் வேலை. அந்த மாதிரிக்குத் தீனி வானிலைத் தரவு. எதை ஊட்டுகிறோமோ அதற்கேற்ற விடையைத்தான் அது தரும். ஊட்டுகிறவன் யோக்கியனாக இருக்க வேண்டும்... ஊட்டியவன் நான்.

மல்லசமுத்திரம் பக்கம் விமானம் ஓட்டப் பயிற்சி தரும் தனியார் நிறுவனம் ஒன்று, பெரிய விமானங்களையும் இறக்குவதற்காகத் தன் ஓடுபாதையை நீட்ட விரும்பியது. அதற்கான புகை ஆய்வு, ஊர்க்காரன் என்பதால் என்னிடம் வந்தது. ஓடுபாதை நீளப்போகும் கோடியை ஒட்டித்தான் என் அக்காவின் வீடு. ஆம், என் சொந்த அக்கா!

காற்றின் வேகத்தைக் கருவி மணிக்கு மணி பதிந்திருந்தது. பனிக்காலக் காலைகளில் வரிசையாகப் பூஜ்யம். காற்று நின்றாலும் பூஜ்யம்தான் வரும். கருவி சிக்கிக்கொண்டாலும் பூஜ்யம்தான் வரும். நான் அந்த மண்ணில் பிறந்தவன். மார்கழியில் அடுப்புப் புகை மேலே ஏறாமல் வயல்காட்டின் மேல் படுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அவை மெய்யான பூஜ்யங்கள் என்று எனக்குத் தெரியாதா?

அப்படியே ஊட்டிப் பார்த்தேன். திரையில் புகை அக்கா வீட்டை விட்டு நகரவே இல்லை.

"ரிசல்ட் கொஞ்சம் நல்லா வந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார் எங்கள் அலுவலக மேலாளர். அவ்வளவுதான். மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அவர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று, பூஜ்யங்களையெல்லாம் நானே பழுதென்று குறித்து நீக்கினேன். மிஞ்சிய நேரங்களில் காற்று நன்றாக வீசியது. புகை கரைந்தது. அவர் என் தோளைத் தட்டினார். ஒரு தட்டலுக்கு வாலாட்டிய பிறவி நான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊரே எதிர்ப்போடு திரண்டு வந்திருந்தது. வண்ணப் படங்களைக் காட்டிப் பேசினேன். ஒருவரும் நம்பவில்லை. அப்போது அக்காவின் கணவர் அர்த்தநாரி எழுந்து நின்றார்.

"இதக் கணக்குப் போட்டவன் என்ற மச்சினனுங்க. கூடப்பொறந்த அக்கா ஊடு ரன்வேக்குப் பக்கத்துல இருக்குது. அவளுக்குக் கெடுதல் வாராப்பல ஒண்ணச் செய்வானுங்களா?"

சலசலப்பு அடங்கியது. மைக் என் கையில்தான் இருந்தது. நான் தலைகுனியக்கூட இல்லை, அடக்கமாகப் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையைத்தான் என்னால் கழுவித் துடைக்க முடியவில்லை.

ஓடுபாதை நீண்டது.

போன தை மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விடிந்ததுமே மூக்கில் விமானப் புகையின் எரிந்த மண்ணெண்ணெய் நாற்றம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விளைந்த காட்டின் மேல் புகை அசையாமல் கிடந்தது. ஜன்னல்களில் அக்கா ஈரத்துணி கட்டியிருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமினாள்.

"பனிதான் சாமி, வேறொண்ணுமில்ல" என்றாள்.

டீக்கடையில் யாரும் மச்சானிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். மச்சினனை நம்பச் சொல்லி ஊரைக் கெடுத்துவிட்டாராம். நான் சம்பாதித்த வசவை அவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"காலம் மாறிப்போச்சு மாப்ள. நீ அளந்தப்பக் காத்து அடிச்சுது, இப்ப நின்னு போச்சாட்ட இருக்குது. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா கேட்கும்படி, அவர் முகத்தைப் பார்த்து... வாயைத் திறந்தேன். அவர் எனக்குச் சட்னியை நகர்த்தி வைத்தார்.

"மறுக்கா ஒருவாட்டி நீயே வந்து அளந்து குடு மாப்ள. வேற ஆளுகள நம்ப முடியாது."

"சரிங்க மச்சான்" என்றேன்.

அக்கா இன்னொரு தோசை கொண்டுவந்து வைத்தாள். அதையும் தின்றேன்.