அடங்காத வலது கை

காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மகளின் வலது கை சும்மா இருக்காது. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரலிலிருந்து எண்ணிக்கை, மறுபடி தட்டு. ரேடியோவில் எந்த ஊர்ப் பாட்டு ஓடினாலும் அவளுக்கு அது ஆதி தாளம்தான். சின்ன வயதில் அவள் அம்மா மடியில் உட்கார வைத்துப் பாடச் சொல்லிக்கொடுத்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். நாங்கள் இருக்கும் காப்பெலிலிருந்து டாலஸ் வரை ஃப்ரீவே நெடுக அந்தத் தட்டைக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். இப்போது அந்த சீட்டில் என் லஞ்ச் பை உட்கார்ந்து வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில், நாடகம்தான் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியதையெல்லாம் நண்பர்கள் வீட்டு விருந்துகளில் மற்றவர்களே எனக்காக மறுத்துவிட்டார்கள். சிக்கல் வேறு. அவள் விரும்பிய கல்லூரிகளில், பாடி ஆடி நடிக்கும் மியூசிக்கல் தியேட்டர், பேசி நடிக்கும் ஆக்டிங் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஆடிஷன் கொடுக்க முடியும். இத்தனை வருடம் பாடியவள் எதை எடுப்பாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அவள் அம்மாவுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது.

முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு நான் போனைப் பிடித்தேன். ஆங்கிலப் பாட்டு, அழகாகத்தான் பாடினாள். திரும்பப் போட்டுப் பார்த்தால், காதலனைப் பிரிந்து கலங்குகிறவளின் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு பாடினாள், பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பாடினாள். கை அடங்கியது, குரலில் உயிர் இல்லை. சாயங்காலம் வரை எடுத்தோம். கடைசியில் பாட்டை விட்டுவிட்டு, ஒரு நாடக வசனத்தைப் பேசிக் காட்டினாள். யாரோ ஒரு பெண் எங்கள் ஹாலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"கைய நிறுத்துனா பாட்டும் நின்னுடுதுப்பா," என்றாள். "ஐ வில் ஜஸ்ட் டூ ஆக்டிங்."

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி வந்து சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். பிறகு, "உனக்கு எது வருதோ அதையே பண்ணு சாமி" என்றாள். அன்றோடு வீட்டில் பாட்டு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் வசனம் பழகினாள், நாங்கள் கேட்டோம். ஆக்டிங்கில் இடமும் கிடைத்தது, சந்தோஷமாகத்தான் விமானம் ஏற்றிவிட்டோம். ஆனாலும் அந்தக் குரலுக்காக ஏங்கிப் போகிறேன். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன மாதம் அவள் கல்லூரி நாடகத்தைப் பார்க்க நியூ ஜெர்சி போனோம். ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் மகள் வேடம். பாட்டே கிடையாது. வசனமும் இல்லாத ஒரு காட்சியில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கை மெல்லத் தொடையில் விழுந்தது. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல். பார்க்கிறவர்கள் அதைப் பதற்றம் என்று நினைத்திருப்பார்கள். நான் பக்கத்தில் திரும்பினேன். இருட்டில் மனைவியின் கை, அவள் தொடையின்மேல், அடுத்த விரலை எண்ணிக்கொண்டிருந்தது.